ஊரைவிட்டுப் போன காரணம்

சிறு வயதிலிருந்து கூடி வளர்ந்த இருவர் வயது வந்ததும் காதலர்களாவது நம் சினிமாவுக்கு மிகவும் சௌகரியமான ஏற்பாடு. ஏன் இவள், ஏன் இவன் என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பதில் கிடைத்துவிடுகிறது. ஆனால் இவர்களைப் பிரிப்பது எது என்பதற்குப் படங்கள் சொல்லிவந்த பதிலுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1953-ல் வந்த 'தேவதாஸ்' சரத்சந்திரரின் வங்க நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அதில் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது: ஜமீன்தார் தகப்பனின் அந்தஸ்து. எதிரிக்கு முகம் உண்டு. 2002-ல் வந்த 'அழகி' பழைய தென்னாற்காட்டு மண்ணின் படம். பண்ருட்டிப் பக்கத்துக்காரரான தங்கர் பச்சான் தன் 'கல்வெட்டு' சிறுகதையைப் படமாக்கினார். பள்ளிக்கூடத்துச் சிநேகிதியை வேறொருவனுக்குக் கட்டிவைக்கிறார்கள்; பையன் நகரத்துக்குப் போகிறான்; பின்னாளில் அவள் அவன் வீட்டிலேயே வேலைக்காரியாகிறாள். இங்கே குற்றவாளி காலம். எதிரி ஞாபகத்தில் கரைந்துவிடுகிறான்.

2010 தீபாவளிக்கு வந்த பிரபு சாலமனின் 'மைனா', தேனி மாவட்டக் குரங்கணி மலையில் எடுத்த துரத்தல் கதை. பெண்ணின் தாயை அடித்ததற்காகச் சிறை சென்ற சுருளி தப்பி ஓடுகிறான். தலைதீபாவளிக்குப் போக முடியாமற்போன சிறை அதிகாரி அவனைத் தேடி மலையேறுகிறான். முடிவில் மைனாவைக் கொல்பவர்கள் அவளுடைய ஊரார் அல்லர், அந்த அதிகாரியின் மனைவி வீட்டார். தம்பி ராமையாவின் தேசிய விருது பெற்ற நடிப்பையும் மலைப்பாதையின் அழகையும் மறுப்பதற்கில்லை. ஆனால் 57 ஆண்டுகளில் காரணம் வீட்டைவிட்டு, ஊரைவிட்டு, தற்செயலின் கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

'காதல்' (2004), 'பரியேறும் பெருமாள்' (2018) ஆகியவை சாதியைப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசின. ஆனால் அவற்றின் ஜோடிகள் வளர்ந்தபின் சந்திப்பவர்கள். ஊர்த்தெருப் பெண்ணும் காலனிப் பையனும் ஒரே வாசலில் விளையாடி வளர்வது எத்தனை கிராமங்களில் நடக்கிறது? சினிமாவின் பால்யம் ஒரே தெருவில் நடக்கிறது. அந்தத் தெருவைத் தேர்ந்தெடுத்தபோதே சாதி கதையிலிருந்து நீங்கிவிடுகிறது.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வங்கிக் கிளைக்குத் தினமும் ரயிலில் போகிறவன் நான். பதிவுத் திருமணம் செய்துகொண்ட ஜோடிகள் கூட்டுக் கணக்குத் தொடங்க வருவதுண்டு. ஒருத்தி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டுக் கேட்டாள்: "ஊர் அட்ரஸுக்கு லெட்டர் எதுவும் போகாதே சார்?" எந்தத் துரத்தல் படத்திலும் காணாத திகில் அந்தக் கேள்வியில் இருந்தது. அவளைத் தேடுகிறவர்கள் அந்நியர்கள் இல்லை.

விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் கார்டு லைனில் அடுத்த பெரிய ஜங்ஷன் விருத்தாசலம். 'அழகி' வந்த மறு வருஷம், 2003 ஜூலையில், அதன் அருகே ஒரே ஊரைச் சேர்ந்த தலித் இளைஞனும் வன்னியப் பெண்ணும் பதிவுத் திருமணம் செய்துகொண்டதற்காக விஷம் புகட்டப்பட்டு எரிக்கப்பட்டார்கள். 18 ஆண்டுகள் கழித்து, 2021-ல், கடலூர் நீதிமன்றம் தண்டித்த 13 பேரில் பெண்ணின் தகப்பனும் அண்ணனும் இருந்தார்கள். போலீஸ்காரர்கள் இருவரும் இருந்தார்கள்.

நம் படங்கள் பிள்ளைப்பருவத்தை அழகாகக் காட்டுவதில் எனக்குப் புகார் இல்லை. கொலைகாரனை வெளியூரிலிருந்து வரவழைக்கும்வரை, அவற்றைப் பார்த்து ஊர் நிம்மதியாகக் கண்ணீர் விடலாம்.