பணி நீக்கமும் ஆன்ம பராமரிப்பும்: விலக்கப்பட்ட கத்தோலிக்கக் குருக்கள் குறித்த ஓர் ஆய்வு

திருப்பணியினின்று விலக்கப்பட்ட குருவுக்கு மனத்தளவிலும் ஆன்மிகத்திலும் துணை நிற்பது கத்தோலிக்கத் திருச்சபையின் கடமையா, கருணையின் பெயரால் காட்டப்படும் சலுகையா என்னும் வினா, 2002-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்க ஆயர்கள் டல்லஸ் நகரில் கூடிச் சிறார் பாதுகாப்புச் சாசனத்தை நிறைவேற்றிய நாள்தொட்டு அந்நாட்டில் எழுந்தவண்ணம் இருக்கிறது. சிறாரிடத்துப் பாலியல் குற்றம் ஒன்றேனும் புரிந்தவர் எனத் தெளிவுற்ற குரு எவரும் மீண்டும் பணியாற்றலாகாது என்பதே அச்சாசனம் வகுத்த நெறி. ஆயர்களின் வேண்டுகோளின்பேரில் ஜான் ஜே கல்லூரி 2004-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, 1950 முதல் 2002 வரை 4,392 குருமார்மீது 10,667 பேர் குற்றஞ்சாட்டியதைக் காட்டிற்று. அத்தனை குழந்தைகளின் துயரத்தைக் கண்முன் வைத்து நோக்குமிடத்து, அந்நெறி கடுமையானதே ஆயினும் நியாயமானது. எனினும், பணியினின்று விலக்குதல் வேறு, மனிதனைக் கைவிடுதல் வேறு. முன்னதைத் தளராது செய்யும் சபை பின்னதைச் செய்யாதிருத்தலே சிறாரின் பாதுகாப்புக்கும் அரணாகும் என நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

விலக்கப்பட்டோர் அனைவரும் ஒரே நிலையினர் அல்லர். விசாரணை முடியுமட்டும் ஒதுக்கி வைக்கப்பட்டவர் ஒரு சாரார். இவர்களைப் பொறுத்தவரை, குற்றம் நிரூபிக்கப்படும்வரை நிரபராதியாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதை 2021-இல் திருத்தப்பட்ட திருச்சபைத் தண்டனைச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. குற்றம் நிரூபணமாகியும் முதுமையினாலோ பிணியினாலோ குருநிலையினின்று நீக்கப்படாமல், ஜெபத்திலும் தவத்திலும் எஞ்சிய நாட்களைக் கழிக்குமாறு பணிக்கப்பட்டவர் மற்றொரு சாரார். குருநிலையினின்றே நீக்கப்பட்டவர் மூன்றாம் சாரார். இம்மூன்றாம் சாராரையும்கூடத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு முற்றாகத் துறந்துவிடவில்லை. தண்டனையின் விளைவாக மெய்யாகவே வறுமையுற்றவருக்கு இயன்றவரை வழிசெய்ய வேண்டுமென 1350-ஆம் சட்டம் ஆயரைப் பணிக்கின்றது; முறைப்படி பெற்ற குருப்பட்டம் ஒருபோதும் செல்லாததாகாது என்று 290-ஆம் சட்டம் கூறுகின்றது; மரண ஆபத்தில் இருப்பவருக்கு, நீக்கப்பட்டவர் உட்பட எந்தக் குருவும் பாவமன்னிப்பு வழங்கலாமென 976-ஆம் சட்டம் இடமளிக்கின்றது. இவ்வளவும் வகுத்த சபை, விலக்கப்பட்டவரோடு தனக்குள்ள உறவு அற்றுப்போயிற்று என்று கூற இடமில்லை.

அவர் இழப்பது எத்தகையது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற தொழிலினர் வேலையை இழப்பினும் வீடும் குடும்பமும் அயலாரும் பெரும்பாலும் எஞ்சுவர். மறைமாவட்டக் குருவுக்கோ, தங்கும் இல்லம் பங்கினுடையது, ஊதியம் சபையினுடையது, நட்பு உடன் குருக்களோடும் பங்கு மக்களோடும் அமைந்தது, அன்றாட ஒழுங்கோ திருப்பலி நேரத்தால் வகுக்கப்பட்டது. இவையனைத்தும் ஆயரின் ஒரே கடிதத்தால் ஒருங்கே அகன்றுவிடுகின்றன. ஜெபமும் தவமும் விதிக்கப்பட்டவர் பொதுவில் திருப்பலி நிறைவேற்றவோ, அருட்சாதனங்களை வழங்கவோ, குருவின் உடை அணியவோ, தம்மைக் குருவெனக் காட்டிக்கொள்ளவோ அமெரிக்க ஆயர்களின் விதிமுறைகள் இடந்தருவதில்லை. திருப்பலியில் குரு வாழ்த்துரைக்க மக்கள் மறுமொழி கூறுவது மரபு. தனியறையில் மேசையொன்றின்முன் நின்று பலி நிறைவேற்றும் முதியவர் அவ்வாழ்த்தை மொழியும்போது மறுமொழி தர அங்கே எவருமிலர். இத்துயரம் அவரால் ஊறுபட்ட குழந்தையின் துயரத்துக்கு ஈடாகாது. ஈடெனக் கொள்வது பாவம். ஆயினும், தன் குற்றத்தின் விளைவாக வந்த துயரமும் துயரமே ஆதலின், அதற்கும் மேய்ப்பனின் பராமரிப்பு உரியதாகும்.

இங்கே ஒரு வலிய ஆட்சேபம் எழும்: முற்காலத்தில் கருணையே அன்றோ குற்றத்துக்குத் திரையாயிற்று? வரலாறு இதற்குத் தெளிவான விடை தருகின்றது. ஜெரால்ட் பிட்ஸ்ஜெரால்ட் என்னும் குரு 1947-இல் நியூ மெக்சிகோவின் ஜெமெஸ் ஸ்பிரிங்ஸில், இடருற்ற குருக்களைப் பேணுவதற்கென்றே ஒரு சபையை நிறுவினார். சிறாருக்குத் தீங்கிழைத்தவர்களை மீண்டும் பங்குகளுக்கு அனுப்பலாகாது என்று 1950-களிலேயே அவர் ஆயர்களுக்கு எழுதி எச்சரித்தும் அவ்வெச்சரிக்கை செவிமடுக்கப்படவில்லை. பிற்காலத்தில் அச்சபை நடத்திய நிலையத்தில் சிகிச்சை பெற்றவர்களே சுற்றுவட்டாரப் பங்குகளில் பணியமர்த்தப்பட்டு, அங்கும் குழந்தைகள் ஊறுபட்டனர். பிழை, அவர்களைப் பேணியதில் இல்லை. பேணலைப் பணிக்குத் திரும்பும் வாயிலாக ஆக்கியதில் உள்ளது. அவ்வாயில் இன்று அடைபட்டுவிட்டபடியால், பேணுதல் தன் தூய வடிவில் நிகழ இப்போதே வழி பிறந்திருக்கிறது.

பேணாதொழிவதன் ஆபத்தோ கண்கூடு. குருநிலையினின்று நீக்கப்பட்டு, முகவரியும் தொழிலும் துணையுமின்றி வேற்றூரில் குடியேறும் ஒருவரை ஆயரின் அதிகாரம் எட்டுவதில்லை; குற்ற வழக்குக்குரிய காலவரம்பு கடந்திருப்பின் அரசின் கண்காணிப்பும் எட்டுவதில்லை. இதற்கு மாற்று வழியும் உண்டு. கனடாவின் ஹாமில்டன் நகரில் 1994-இல், சிறையினின்று விடுதலையான பாலியல் குற்றவாளி ஒருவரைச் சூழ்ந்து மெனனைட் என்னும் கிறிஸ்தவச் சபையார் சிலர் நட்பும் கண்காணிப்பும் ஒருங்கே தரும் சிறு குழுவாக அமைந்தனர். அம்முறை பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிற்று. மீண்டுமொரு குழந்தை ஊறுபடலாகாது என்னும் உறுதியும், எந்த மனிதனும் எறியத்தக்கவன் அல்லன் என்னும் உறுதியும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதற்கு அது சான்று.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 மார்ச் 19-இல் அயர்லாந்துக் கத்தோலிக்கருக்கு எழுதிய மடலின் அமைப்பும் இதனையே உணர்த்தும். பாதிக்கப்பட்டோரை அவர் முதலில் விளித்தார். அடுத்தே குற்றமிழைத்த குருக்களை விளித்து, கடவுளுக்கும் நீதிமன்றங்களுக்கும் அவர்கள் கணக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கண்டித்தபின், இறைவனின் இரக்கத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்றும் கூறினார். நீதி முன்னும் இரக்கம் பின்னுமாக அமைந்த இவ்வரிசையே சபையின் செயலுக்கும் வரிசையாதல் வேண்டும்.

நீதிக்குரிய கடமையும் இரக்கத்துக்குரிய கடமையும் ஒன்றோடொன்று கலந்துவிடலாகாது; ஆதலின், கண்காணிப்பவரும் ஆன்ம குருவும் ஒருவராயிருத்தல் கூடாது. குருமடத்து அதிபர் அங்குத் தங்கும் தம் மாணாக்கரின் பாவசங்கீர்த்தனத்தை, அவர்களாகவே விரும்பி வேண்டினாலன்றிக் கேட்கலாகாது என்று 985-ஆம் சட்டம் விதித்ததன் விவேகம் இங்கும் பொருந்தும். தன் நெஞ்சைத் திறந்து காட்டும் இடமும் தன் நடமாட்டத்துக்குக் கணக்குக் கொடுக்கும் இடமும் வெவ்வேறாயிருந்தாலன்றி இரண்டும் பழுதுபடும். பாதிக்கப்பட்டோரைப் பேணும் அலுவலும் இவ்விரண்டினின்றும் தனித்தே இயங்கல் வேண்டும். ஆதாரமற்ற குற்றச்சாட்டுக்கு ஆளானவரின் நற்பெயரை மீட்பதற்கு இயன்ற அனைத்தும் செய்யப்படல் வேண்டும் என்று அமெரிக்க விதிமுறைகளே கூறுவது ஏட்டளவில் நின்றுவிடாமை வேண்டும்.

ஆயர் ஒவ்வொருவரும், தம் மறைமாவட்டத்தில் விலக்கப்பட்ட குருக்கள் எங்கே வாழ்கின்றனர், அவர்களை யார் சென்று காண்கின்றனர், யார் கண்காணிக்கின்றனர் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்திருத்தல் வேண்டும். அறியாதவர், சிறாரைக் காக்கும் கடமையிலும் குருவைப் பேணும் கடமையிலும் ஒருங்கே தவறியவர் ஆவார்.