பகை நாட்டுப் பிள்ளைக்கும் பால்

1919 மே மாதம். லண்டன் மேன்ஷன் ஹவுஸ் நீதிமன்றத்தில் 42 வயது எக்லன்டைன் ஜெப் நின்றுகொண்டிருந்தார். தணிக்கை அதிகாரியிடம் அனுமதி பெறாத துண்டறிக்கைகளை டிரஃபால்கர் சதுக்கத்தில் விநியோகித்தார் என்பது வழக்கு. துண்டறிக்கையில் இருந்தது, பட்டினியில் வற்றிப்போன ஆஸ்திரியக் குழந்தை ஒன்றின் படம். அபராதம் 5 பவுண்டு. வழக்கு முடிந்ததும் அரசு வழக்கறிஞர் ஆர்ச்சிபால்ட் பாட்கின் அதே தொகையைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். ஜெப் அதை நன்கொடையாக வரவு வைத்தார்.

முதல் உலகப் போரின் துப்பாக்கிகள் 1918 நவம்பரிலேயே ஓய்ந்துவிட்டன. ஆனால் ஜெர்மனி சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திடும்வரை நேச நாடுகள் கடல் முற்றுகையைத் தளர்த்தினவே தவிர விலக்கவில்லை. வியன்னாவில் பால் இல்லை, அடுப்பெரிக்கக் கரி இல்லை. எலும்பு வளைந்த பிள்ளைகளால் மருத்துவமனைகள் நிறைந்தன. ஜெப்பின் தங்கை டாரதி பக்ஸ்டன் போர்க்காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைச் செய்திகளை மொழிபெயர்த்து வெளியிட்டு வந்தவர். அங்குள்ள நிலைமை அவருக்கு நன்றாகத் தெரியும். மே 19 அன்று ராயல் ஆல்பர்ட் ஹாலில் கூடிய கூட்டத்தில் அக்காவும் தங்கையும் 'சேவ் த சில்ரன்' நிதியைத் தொடங்கினார்கள்.

எதிரியின் பிள்ளைக்கு யார் பணம் தருவார்கள்?

கேம்பிரிட்ஜின் அறப்பணிச் சங்கத்தில் வேலை பார்த்து, அந்நகர ஏழைகளின் நிலை பற்றி 1906இல் ஆய்வு நூல் எழுதியவர் ஜெப். 1913இல் மாசிடோனியாவுக்குப் போய்ப் போர் அகதிகளையும் பார்த்திருந்தார். இரக்கம் மட்டும் போதாது, திட்டமும் கணக்கும் வேண்டும் என்பது அவருடைய உறுதியான எண்ணம். ஒரே மேடையில் ஏறாதவர்களை ஒரே காரியத்தில் இணைத்ததுதான் அவருடைய தனித்திறமை. சுரங்கத் தொழிலாளர் தலைவர் ராபர்ட் ஸ்மில்லி துணை நின்றார். நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷாவும் ஆதரவு தந்தார். ஏழு வயதுக்குட்பட்ட எதிரிகள் தமக்கு இல்லை என்றார். ஜெப் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர். ஆனாலும் நேரே ரோமுக்குக் கடிதம் எழுதினார். போப் பதினைந்தாம் பெனடிக்ட், 1919 டிசம்பர் 28 அன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் காணிக்கை எடுக்கச் சொன்னார்.

1920 ஜனவரியில் ஜெனீவாவில் 'சேவ் த சில்ரன்' சர்வதேசச் சங்கம் உருவானது. செஞ்சிலுவைச் சங்கத்தின் சர்வதேசக் குழு அதற்குப் புரவலராக இருக்க ஒப்புக்கொண்டது. ஒவ்வொரு நாட்டிலும் தனிக் கிளை, எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு என்பது ஏற்பாடு. இன்றைய உதவி நிறுவனங்கள் பலவும் இதே அமைப்பில்தான் இயங்குகின்றன.

பெரிய சோதனை 1921இல் வந்தது. ரஷ்யாவின் வோல்கா கரையில் கொடும் பஞ்சம். போல்ஷெவிக்குகளின் நாட்டுக்கு உதவுவதா என்று பிரிட்டிஷ் பத்திரிகைகளில் எதிர்ப்பு கிளம்பியது. ஜெப் பின்வாங்கவில்லை. முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். பஞ்சப் பகுதியில் எடுத்த திரைப்படத்தை ஊர் ஊராகக் காட்டச் செய்தார். தர்மப் பணத்தை விளம்பரத்தில் கரைப்பதா என்று கேட்டவர்களும் உண்டு. வந்து சேர்ந்த நிதிதான் அவர்களுக்குப் பதில். அகதிகள் நலனுக்காக உழைத்த நார்வேக்காரர் ஃபிரிட்யோஃப் நான்சென் சோவியத் அரசோடு பேசி வழி திறந்தார். செப்டம்பரில் 'டார்செல்லோ' என்ற கப்பல் உணவுப் பொருள்களோடு லண்டனிலிருந்து புறப்பட்டது. சராதோவ் மாகாணச் சமையற்கூடங்களில் உச்சக் கட்டத்தில் நாளொன்றுக்குச் சுமார் 3 லட்சம் குழந்தைகள் சாப்பிட்டார்கள்.

பஞ்சத்துக்குப் பஞ்சம் கையேந்துவதோடு நின்றுவிட ஜெப்புக்கு மனமில்லை. குழந்தைக்குச் சேரவேண்டியது பிச்சை அல்ல, உரிமை என்று கருதி, 1923இல் ஐந்தே அம்சங்களில் ஒரு பிரகடனம் எழுதினார். துயரக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே என்பது அவற்றில் ஒன்று. 1924 செப்டம்பர் 26 அன்று உலக நாடுகள் சங்கத்தின் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) பேரவை அதை ஏற்றது. ஜெப் 1928 டிசம்பரில் ஜெனீவாவில் காலமானார், வயது 52. அவருடைய ஐந்து அம்சங்கள் 1959இல் ஐ.நா. பிரகடனமாக விரிந்தன. 1989இல் அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் குழந்தை உரிமை உடன்படிக்கை நிறைவேறியது. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது.