முன்ஷியிடம் மொழி படித்த துரைகள்

இந்த முறை கணக்குப் பதிவியலுக்கு லீவு விட்டுவிட்டுக் கொஞ்சம் வரலாறு.

எங்கள் கல்லூரி ஆங்கில வகுப்பில் 60 பேர். ஒரு பீரியட் 50 நிமிடம். ஆசிரியர் வாயே திறக்காமல் எங்களை மட்டும் பேசவிட்டாலும் ஆளுக்கு 50 விநாடிதான் வரும். பி.காம். படிப்பவன் என்பதால் இப்படி ஒரு கணக்கு! மூன்று வருடம் முடியப் போகிறது, இன்டர்வியூ என்றால் இன்னும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சரி, அந்தக் காலத்தில் நம் ஊரை ஆள வந்த வெள்ளைக்காரர்கள் எப்படி மொழி படித்தார்கள்?

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. நம் தருமபுரியும் அதில் அடக்கம். வரி வசூல் என்பது சிவில் அதிகாரிகளின் வேலை. ஆனால் சென்னையில் இருந்த அவர்களில் பலருக்கு உள்ளூர் மொழி தெரியாது. எல்லாவற்றுக்கும் துபாஷிகளை நம்பித்தான் காலம் ஓடியது. குடியானவன் ஒன்று சொல்வான், துபாஷி துரையிடம் வேறொன்று சொல்வார். நடுவில் பணம் காணாமல் போகும். அதனால் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ், மொழி தெரிந்த ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமை. அவருடைய உதவியாளர்களில் ஒருவர்தான் தருமபுரியில் தங்கி வேலை பார்த்த தாமஸ் மன்றோ.

மன்றோ 1780-இல் சாதாரண ராணுவப் பயிற்சியாளராக வந்தவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் படித்து வைத்திருந்தார். அக்கால அதிகாரிகள் மொழி படிக்க வழக்கமான வழி: சம்பளம் கொடுத்து ஒரு முன்ஷியை வைத்துக்கொள்வது. ஒரு ஆசிரியர், ஒரு மாணவர். கடைசி பெஞ்சில் போய் ஒளிய முடியாது! நிலத்தை அளந்து, ஒவ்வொரு விவசாயியோடும் நேரடியாக வரி பேசும் ரயத்துவாரி முறை பாராமகாலில்தான் உருவாகத் தொடங்கியது. பேச்சு புரியாதவரால் அதைச் செய்திருக்க முடியுமா? (வரி அதிகம் என்ற புகார் வேறு கதை.) அதே மன்றோ 1820-இல் சென்னை மாகாண கவர்னர் ஆனார். தீவுத்திடல் அருகே குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர் அவர்தான்.

எனக்கு மன்றோவை விட எல்லிஸ் கதைதான் பிடிக்கும். 1812-இல் இளம் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கியது. அதற்குத் திட்டம் போட்டவர் எஃப்.டபிள்யூ. எல்லிஸ். அங்கிருந்த பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்ற அறிஞர்களோடு சேர்ந்து சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தவர், 1816-இல் தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே குடும்பம், சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்று எழுதினார். கால்டுவெல்லின் நூல் வந்தது 1856-இல். அதாவது 40 வருடம் முந்தி! பாடம் கேட்கப் போன இடத்தில் எதிர்க்கேள்வி கேட்க முடிந்ததால்தான் இது நடந்தது என்று நினைக்கிறேன். கூட்டமான வகுப்பில் கேட்டால் "போர்ஷன் முடிக்கணும், உட்காருப்பா" என்பார்கள்.

ஆனால் ஒன்று, துரைக்கு முன்ஷி வைக்கக் காசு இருந்தது. நமக்கு?

படிப்பு முடிந்ததும் நானும் பெங்களூர் பஸ் ஏற வேண்டியவன்தான். அதற்காக எதிர்வீட்டு அஜ்ஜியிடம் தினமும் சாயங்காலம் கன்னடம் படிக்கிறேன். ஃபீஸ், மாதம் ஒருமுறை ரேஷன் கடையில் க்யூவில் நிற்பது. அஜ்ஜி பள்ளிக்கூடமே போனதில்லை, ஆனால் நான் தப்பாகச் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். போன வாரம் "பால் வேணும்" என்பதைக் கன்னடத்தில் சொல்லச் சொன்னார். "பாலு பேக்கு" என்றேன். சிரித்துவிட்டு, "ஹாலு" என்றார். அப்படியானால் பல்? "ஹல்லு." புலி? "ஹுலி." நம் 'ப' அங்கே 'ஹ' ஆகிறது! எல்லிஸ் துரைக்குத் தெரிந்தது எனக்கும் கொஞ்சம் பிடிபட்ட மாதிரி இருந்தது. பூ என்றால் என்ன என்று நானே யோசித்து "ஹூ" என்றேன்.

"ஹௌது கணோ," என்றார் அஜ்ஜி. அதற்கு அர்த்தம் 'ஆமாண்டா'வாம்.