டப்பாவின் மேல் ஒரு குழந்தை

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, நல்ல இறால் கிடைத்தால் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நானும் அப்படித்தான் போனேன். ஏரிக்கரையில் கூடையை இறக்கி வைத்திருந்த மீன்காரக் கிழவி ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: "பிள்ள பெத்தவளுக்குப் பால் சுறாவைப் புட்டு பண்ணிப் போடுவோம் தம்பி. பால் நல்லா ஊறும். எம் மருமவளுக்கும் பண்ணித்தான் போட்டேன். அப்பிடியும் வூட்டுக்கு டப்பா வந்துடுச்சு."

அந்த டப்பா எனக்குப் பழைய சிநேகிதம். நான் டப்பாப் பாலில் வளர்ந்தவன். நான் பிறந்த இரண்டாம் நாளே ஆஸ்பத்திரியில் ஓர் அம்மாள் வந்து, "உனக்குப் பால் போதாது" என்று என் தாயாரிடம் தீர்ப்புச் சொல்லி, ஒரு டப்பாவை இனாமாகக் கொடுத்துவிட்டுப் போனாளாம். தாய்ப்பால் கிணற்று ஊற்று மாதிரி, இறைத்தால்தான் ஊறும். டப்பாப் பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது. தேடாவிட்டால் சுரப்பும் குறையும். இனாம் டப்பா தீருகிறபோது தாயிடம் பாலும் தீர்ந்திருக்கும். அடுத்ததைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். என்ன அழகான வியாபாரம்! அந்தக் காலி டப்பாவில் பிற்பாடு வெகுகாலம் எங்கள் வீட்டுத் துவரம்பருப்பு இருந்தது. அதன் மேல் ஒரு கொழுகொழு குழந்தை சிரித்துக்கொண்டிருக்கும். அதையும் நோஞ்சானான என்னையும் மாறி மாறிப் பார்த்தே அம்மாவின் மனசு நொந்துபோயிற்று.

இந்த வியாபாரத்தைச் சபையிலேயே வைத்துக் கண்டித்தவர் ஸிஸிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மாள். 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் பேசிய பேச்சுக்குத் தலைப்பே 'பாலும் கொலையும்' என்பதுதான். சர்க்கரை போட்ட டப்பாப் பாலை நம்பித் தாய்ப்பாலை இழந்த ஏழைக் குழந்தைகள் சாவதை அவர் கண்ணால் பார்த்திருந்தார். 1960-களில் நம் நாட்டு எருமைப் பாலிலிருந்தே சுதேசி டப்பா வந்தது; குண்டுக் குழந்தைக்கு 'அமுல் பேபி' என்ற பட்டமும் தமிழில் நிலைத்தது. 1981-இல் உலக சுகாதார சபை விற்பனை நெறி ஒன்றை வகுத்தபோது 118 தேசங்கள் ஆதரித்தன. எதிர்த்து விழுந்த ஒரே வோட்டு அமெரிக்காவினுடையது. 1992-இல் நம் சர்க்காரும் சட்டம் செய்தது: விளம்பரம் கூடாது, ஆஸ்பத்திரியில் இனாம் கூடாது, டப்பாவின் மேல் குழந்தைப் படம்கூடக் கூடாது.

பின்னே இந்தக் கரைக்கு டப்பா எப்படி வந்தது? கிழவியையே கேட்டேன்.

"நானும் அவளும் கூடை தூக்கினாத்தான் அடுப்பு எரியும். விடியறப்போ போனா உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்புறது. அதுவரைக்கும் பெரிய பொண்ணு கரைச்சுக் குடுக்கும். இங்க கிணத்துத் தண்ணி உப்பு, நல்ல தண்ணிக்குக் காசு. ரெண்டு கரண்டி போடற இடத்துல ஒண்ணு போடும். டப்பா நாலு நாள் கூட வருமில்ல?"

பிரசவ விடுமுறைக்கு 1961-இல் ஒரு சட்டம் வந்தது. 2017-இல் அந்த விடுமுறை 26 வாரமாயிற்று. அது சம்பளக்காரிக்கு. மீன்காரி யாரிடம் லீவு எழுதிக் கொடுப்பாள்?

"பேரன் எப்படி இருக்கிறான்?" என்றேன்.

"இருக்கான், சோனியா" என்றவள், சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு, "கொஞ்சம் கை குடு தம்பி" என்றாள். கூடையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். நல்ல கனம்.