கதவைச் சாத்தினா ஏன் அழுவுது? ஷெல்டர் நாயோட கதை

ஷெல்டர்ல இருந்து நாய் எடுத்துட்டு வர்றவங்க முதல் மாசத்துலயே கேட்கிற கேள்வி ஒண்ணு இருக்கு. "நாங்க வீட்ல இருக்கிற வரைக்கும் தங்கமா இருக்கு. கதவைச் சாத்திட்டு லிஃப்ட் பக்கம் போறதுக்குள்ள ஊளை. திரும்பி வந்தா கதவு முழுக்க நகக் கீறல், ஹால்ல மூத்திரம். நம்மளப் பழி வாங்குதா?"

பழி இல்ல, பயம். இதுக்கு செபரேஷன் ஆங்ஸைட்டின்னு பேரு. தமிழ்ல பிரிவுப் பதற்றம்னு வச்சுக்கலாம். இதைச் சமாளிக்க முடியாம நாயைத் திருப்பி விட்டுட்டு வர்றவங்க உண்டு. அப்படித் திரும்பிப் போற நாய்க்கு ரெண்டாவது வீடு கிடைக்கிறது இன்னும் கஷ்டம். அதனால இந்த எபிசோட்ல கேட்கப் போற கேள்வி இதுதான்: நாய்க்கு "பிரிவு"ன்னு ஒரு வலி இருக்குன்னு மனுஷன் எப்போ ஒத்துக்கிட்டான்?

லண்டன்ல ஆரம்பிக்கிறேன். 1860. ஹாலோவே பகுதியில மேரி டீல்பின்னு ஒரு அம்மா, தொலைஞ்சுபோன, பட்டினி கிடக்கிற நாய்களுக்காக ஒரு தற்காலிக இல்லம் திறந்தாங்க. "தற்காலிக"ங்கிற வார்த்தை இல்லத்தோட பேர்லயே இருந்துச்சு. பத்திரிகைகள் நக்கல் அடிச்சதுங்க. மனுஷங்களே பட்டினி கிடக்கிற ஊர்ல நாய்க்கு விடுதியான்னு. 1862-ல சார்லஸ் டிக்கன்ஸ் நடத்தின பத்திரிகையில ஒரு கட்டுரை வந்துச்சு. இஸ்லிங்டன்ல நடந்த பணக்கார நாய்க் கண்காட்சியையும், அங்கிருந்து கொஞ்ச தூரத்துல இருந்த இந்த இல்லத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம் இல்லத்துக்கு ஆதரவு கூடிச்சு. மேரி டீல்பி 1865-லயே இறந்துட்டாங்க. 1871-ல இல்லம் பேட்டர்சீக்கு மாறிச்சு, இன்னைக்கும் அங்கதான் இருக்கு.

ஆனா கவனிங்க. அந்தக் காலத்து அக்கறை எல்லாம் பசி, நோய், வெறிநாய் பயம், இவ்வளவுதான். நாய்க்குச் சோறும் கூரையும் கொடுத்தா வேலை முடிஞ்சுது. அதோட மனசைப் பத்தி யாரும் கணக்குல எடுத்துக்கல.

அது மாறினதுக்குக் காரணம் நாய் இல்ல, குழந்தைங்க.

1939 செப்டம்பர். போர் வந்துடுச்சு, குண்டு விழும்னு பயம். பிரிட்டன் நகரங்கள்ல இருந்து சில நாட்கள்ல கிட்டத்தட்ட 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினாங்க. அதுல பெரும்பகுதி பள்ளிக் குழந்தைங்க, அம்மா அப்பா இல்லாம. அதே வாரத்துலதான் இன்னொண்ணும் நடந்துச்சு. லண்டன்ல மட்டும் சுமார் 4 லட்சம் நாய், பூனைகளை உரிமையாளர்களே கொண்டுபோய்க் கொடுத்து மயக்கிக் கொன்னாங்க. அரசாங்கம் உத்தரவு எதுவும் போடல. கிராமத்துக்கு அனுப்ப முடியலன்னா கொன்னுடுறதுதான் கருணைன்னு ஒரு ஆலோசனைத் துண்டறிக்கை மட்டும் இருந்துச்சு. இன்னும் ஒரு குண்டுகூட லண்டன்ல விழல. அவசரப்படாதீங்கன்னு பேட்டர்சீ இல்லம் கெஞ்சிச்சு. எனக்கு இந்த வாரம்தான் மொத்தக் கதையிலயும் ரொம்ப உறுத்துற இடம்.

குழந்தைங்க விஷயத்துல சிலர் குரல் கொடுத்தாங்க. அந்த டிசம்பர்லயே ஜான் பௌல்பி, டொனால்ட் வின்னிகாட், இமானுவேல் மில்லர்னு மூணு டாக்டர்கள், சின்னக் குழந்தைகளை அம்மாகிட்ட இருந்து பிரிக்கிறது ஆபத்துன்னு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலுக்குக் கடிதம் எழுதினாங்க. பௌல்பி 1951-ல உலக சுகாதார நிறுவனத்துக்குத் தந்த அறிக்கை பெரிய விவாதத்தைக் கிளப்பிச்சு. அப்போ ஆஸ்பத்திரியில சேர்த்த குழந்தையைப் பெத்தவங்க தினமும் பார்க்கக்கூட விடமாட்டாங்க. அம்மா போன பிறகு குழந்தை "அமைதியாயிடுது"ன்னு நர்ஸுங்க சொன்னதை, அது அமைதி இல்ல, நம்பிக்கை போயிடுச்சுன்னு படிச்சவங்க இவங்கதான். பௌல்பியோட வேலை செஞ்ச மேரி ஐன்ஸ்வொர்த், பின்னாடி ஒரு எளிய சோதனை வடிவமைச்சாங்க. புது அறை, அம்மா வெளிய போவாங்க, அந்நியர் ஒருத்தர் இருப்பார், அம்மா திரும்ப வருவாங்க. குழந்தை என்ன பண்ணுதுன்னு பார்க்கணும்.

1998-ல புடாபெஸ்ட்ல யோஷெஃப் டோபால், ஆடாம் மிக்லோஷி குழு அதே சோதனையை நாய்க்கு வச்சாங்க. அம்மாவுக்குப் பதிலா வளர்க்கிறவர். நாய்ங்க கிட்டத்தட்ட குழந்தைங்க மாதிரியே நடந்துக்கிச்சு. வளர்க்கிறவர் இருந்தா தைரியமா விளையாடும், போயிட்டா கதவுகிட்டயே நிக்கும். அந்நியர் வந்தா அந்த இடம் நிரம்பாது.

2001-ல அதே ஊர்க் குழு ஷெல்டர் நாய்களைச் சோதிச்சாங்க. முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பத்து பத்து நிமிஷமா மூணு தடவை பழகினார். மொத்தம் அரை மணி நேரம். அதுலயே நாய்ங்க அவர்மேல பற்று வைக்க ஆரம்பிச்சுடுச்சு. வந்த மூணாம் நாளே உங்க பின்னாடியே பாத்ரூம் வரைக்கும் வர்ற நாய்க்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படிச்சதில்ல.

மருந்துக் கதையும் அதே 1998-லதான். மனுஷங்களுக்குக் கொடுக்கிற க்ளோமிப்ரமினை, நாய்களோட பிரிவுப் பதற்றத்துக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதிச்சுது. பயிற்சியோட சேர்த்துத்தான் கொடுக்கணும், மாத்திரை மட்டும் போதாது. (டாக்டர் சொல்லாம நீங்களா கொடுத்துடாதீங்க.) பயிற்சின்னா பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா பொறுமை வேணும். சாவி எடுக்கிறது, ஷூ போடுறது, லேப்டாப் பையைத் தோள்ல மாட்டுறது, இதெல்லாம் நாய்க்கு அலாரம். அதையெல்லாம் செஞ்சுட்டு எங்கயும் போகாம சோபாவுல உட்காரணும். அப்புறம் கதவைத் தாண்டி அஞ்சு செகண்ட், பத்து செகண்ட். பதற்றம் தொடங்குறதுக்கு முன்னாடியே திரும்பி வந்துடணும். திட்டுறது வேலைக்கே ஆகாது. பயத்துல இருக்கிறதுக்கு இன்னொரு பயத்தைச் சேர்க்கிறோம், அவ்வளவுதான்.

நம்ம ஊர்க் கதை வேற மாதிரி. சென்னையில கேப்டன் வி. சுந்தரம்னு ஒரு விமானி 1959-ல ப்ளூ கிராஸைத் தொடங்கினார். மாநகராட்சி தெருநாய்களைப் பிடிச்சுக் கொன்னுட்டு இருந்த காலம் அது. கொல்றதால எண்ணிக்கை குறையல, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே தெருவுல விடுங்கன்னு 1964-லயே ப்ளூ கிராஸ் சொல்லிச்சு. ஏ.பி.சி.ன்னு சுலபமாப் பேரும் வச்சாங்க. சுந்தரத்தோட மகன் சின்னி கிருஷ்ணா, அவர் ஒரு இன்ஜினியர், இதை விடாம வாதாடினார். மாநகராட்சி ஏத்துக்க 1996 ஆச்சு. நாடு முழுக்க விதியா வந்தது 2001-ல.

அதனால இங்க ஷெல்டர்ல இருந்து நீங்க எடுக்கிற நாய், பெரும்பாலும் யாரோ கைவிட்ட லாப்ரடார் இல்ல, அடிபட்டு வந்த தெருநாய். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கூடப் பொறந்ததுங்கன்னு சுத்தியே வாழ்ந்தது. நாலு சுவத்துக்குள்ள தனியா இருக்கிறதுங்கிறதே அதுக்கு வாழ்க்கையில முதல் தடவை. என் கணிப்புல, நம்ம ஊர்ல அந்த முதல் மாசம் இவ்வளவு கஷ்டமா இருக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். எடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு வாங்கிடுங்க. முதல் நாளே அஞ்சு செகண்ட் பயிற்சியைத் தொடங்கிடுங்க, லீவ் முடியிற அன்னைக்கு இல்ல. மேல் வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

அடுத்த எபிசோட்ல குன்னூருக்குப் போறோம். 1907-ல அங்க வந்த பாஸ்டர் நிறுவனம், வெறிநாய்க்கடிக்கு வயித்துல போட்ட ஊசி, அந்தக் கதை.