எம்ஜிபி தானுந்தில் மூடுபனி விளக்கு இணைப்பு

எம்ஜிபி தானுந்தில் மூடுபனி விளக்கு இணைப்பு என்பது, பிரித்தானிய விளையாட்டுத் தானுந்தான எம்ஜிபியை மீளமைக்கும்போது அதன் முன்புறத்தில் கூடுதல் மூடுபனி விளக்குகளைப் பொருத்தி, அவற்றுக்குப் பாதுகாப்பான மின்சுற்று அமைக்கும் பணி ஆகும். எம்ஜிபி இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்டது. ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் உருவாக்கப்பட்டதால், இன்றும் மிகுதியாக மீளமைக்கப்படும் பழைய தானுந்துகளுள் இதுவும் ஒன்று.

விளக்கின் தன்மை

பனித்துளிகளில் பட்ட ஒளி சிதறி ஓட்டுநரின் கண்களுக்கே திரும்புவதால், மூடுபனியில் முகப்பு விளக்கின் உயர்கற்றை பயன்படுவதில்லை. மூடுபனி விளக்கு தாழ்வாகப் பொருத்தப்பட்டு, மேல்விளிம்பு கூர்மையாக வெட்டப்பட்ட அகலமான கற்றையைச் சாலையின் மீது வீசுகிறது. மஞ்சள் ஒளி பனியை ஊடுருவும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை என்பதால், எல்லா நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறுகின்றன. கற்றையின் வடிவமும் விளக்கின் உயரமுமே முதன்மையானவை.

மின்னோட்டக் கணக்கு

55 வாட் திறனுள்ள இரண்டு குமிழ்கள் 12 வோல்ட் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 9.2 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். தொடக்ககால எம்ஜிபியில் இருந்த லூகாஸ் சி40 வகை டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர் மட்டுமே. முகப்பு விளக்கு, கண்ணாடித் துடைப்பான், சூடேற்றி விசிறி, எரியூட்டல் ஆகியவற்றோடு மூடுபனி விளக்குகளும் சேர்ந்தால் இவ்வளவு எளிதில் விஞ்சப்படும். மேலும், இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது டைனமோ மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். மூடுபனியில் வண்டி மெதுவாகவே செல்லும் என்பதால், விளக்கு மிகவும் தேவைப்படும் வேளையிலேயே மின்கலம் வெறுமையாகத் தொடங்குகிறது. 1967 இன் இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில் டைனமோவுக்குப் பதிலாக ஆல்டர்னேட்டர் பொருத்தப்பட்டதால் இக்குறை பெரிதும் நீங்கியது.

கம்பிகளின் நிறக் குறியீடு

பிரித்தானிய வண்டிகளில் கம்பியின் நிறம் அதன் பணியைக் குறிக்கும். இப்பணிக்குத் தேவையானவை:

பழுப்பு - மின்கலத்திலிருந்து வரும், உருகி இல்லாத முதன்மைக் கம்பி
சிவப்பு - பக்க விளக்குகள்
நீலம்-சிவப்பு - முகப்பு விளக்கின் தாழ்கற்றை
சிவப்பு-மஞ்சள் - மூடுபனி விளக்கு
கருப்பு - புவியிணைப்பு

இணைக்கும் முறை

பழைய முறையில் விளக்கின் முழு மின்னோட்டமும் முகப்புப் பலகையிலுள்ள சுவிட்ச் வழியாகவே சென்றது. பல பத்தாண்டுகள் கடந்த சுவிட்சுகளின் தொடுமுனைகள் தேய்ந்திருப்பதால், அவை சூடேறி மின்னழுத்த இழப்பை உண்டாக்கும். மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் இழைக்குமிழின் ஒளி ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துவிடும். ஆகையால் மீளமைப்பாளர்கள் ரிலே ஒன்றைப் பயன்படுத்துகின்றனர்.

1. எம்ஜிபியின் மின்கலம் இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால், மின்வழங்கல் பொதுவாக ஸ்டார்ட்டர் சொலினாய்டின் முனையிலிருந்தோ உருகிப் பெட்டியின் பழுப்புக் கம்பியிலிருந்தோ எடுக்கப்படுகிறது.
2. எடுக்கும் இடத்திற்கு மிக அருகிலேயே 15 ஆம்பியர் உருகி வைக்கப்படுகிறது. உருகிக்கு முன்னுள்ள கம்பிக்குப் பாதுகாப்பு இல்லை என்பதால் அது இயன்றவரை குறுகியதாக இருக்க வேண்டும்.
3. உருகியிலிருந்து ரிலேயின் 30 ஆம் முனைக்கும், 87 ஆம் முனையிலிருந்து விளக்குகளுக்கும் 2 சதுர மில்லிமீட்டர் கம்பி செல்கிறது.
4. சிவப்புக் கம்பியிலிருந்து சுவிட்ச் வழியாக 86 ஆம் முனைக்கு மெல்லிய கம்பி இணைக்கப்படுகிறது. பக்க விளக்குகளை அணைத்தால் மூடுபனி விளக்குகளும் தாமாகவே அணையும்.
5. 85 ஆம் முனை புவியிணைப்புப் பெறுகிறது.

பழைய லூகாஸ் ரிலேக்களில் தொடுமுனைகள் சி1, சி2 என்றும், சுருளின் முனைகள் டபிள்யூ1, டபிள்யூ2 என்றும் குறிக்கப்பட்டிருக்கும்.

கவனிக்க வேண்டியவை

முதற்பதிப்பு எம்ஜிபிகளில் மின்கலத்தின் நேர்முனையே உடற்கூட்டுடன் இணைக்கப்பட்டிருந்தது. இழைக்குமிழும் சாதாரண ரிலேயும் முனைமாற்றத்தால் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் உள்ளே டையோடு கொண்ட ரிலேயும் எல்இடி விளக்கும் இத்தகைய வண்டியில் அப்படியே பொருந்தா.

பழைய பிரித்தானியக் கண்ணாடி உருகிகளில் 35 என்று அச்சிட்டிருப்பது உருகி எரியும் அளவாகும். அது தொடர்ந்து தாங்குவது ஏறத்தாழ 17 ஆம்பியர் மட்டுமே. தொடர் அளவு அச்சிடப்பட்ட 35 ஆம்பியர் உருகியை அதற்கு மாற்றாக இட்டால், உருகி எரிவதற்கு முன் கம்பி எரியக்கூடும்.

புதிதாக வண்ணம் பூசிய வண்டியில் அடிக்கடி தோன்றும் குறை புவியிணைப்பின்மை ஆகும். வண்ணப்பூச்சு மின்கடத்தாப் பொருளாதலால், விளக்கின் தாங்கியை மட்டும் நம்பாமல் தனிக் கருப்புக் கம்பியைச் சுரண்டித் துலக்கிய உலோகத்தில் இணைத்தல் வேண்டும். விளக்கை ஏற்றும்போது பக்க விளக்கு மங்கினால், இரண்டும் ஒரே பழுதான புவியிணைப்பைப் பகிர்கின்றன என்று அறியலாம்.

சட்டமும் மூலத்தன்மையும்

பிரித்தானியாவில் முன்புற மூடுபனி விளக்குகள் கட்டாயமல்ல. 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டிற்கு வந்த வண்டிகளுக்குப் பின்புற மூடுபனி விளக்கு கட்டாயமாகும். பார்வைத் தொலைவு கடுமையாகக் குறையும்போது, பொதுவாக 100 மீட்டருக்குக் கீழே, மூடுபனி விளக்குகளை ஏற்றலாம். பார்வை தெளிந்ததும் அணைத்துவிட வேண்டும்.

மூலத்தன்மையைப் பேண விரும்புவோர் ரிலேயை முகப்புப் பலகையின் பின்னே மறைத்து, மூலக் கம்பித்தொகுதியை வெட்டாமல் தனிக் கம்பித்தொகுதி அமைக்கின்றனர். இதனால் பின்னாளில் வண்டியை எந்தச் சேதமுமின்றிப் பழைய நிலைக்கே கொண்டுவர இயலும்.