நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம்

நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கம் என்பது, விவசாயிகள் தங்கள் பட்டா நிலத்தில் மரம் வளர்க்க உதவும் தமிழ்நாடு அரசின் வேளாண் காடு வளர்ப்புத் திட்டம். 2021-22-இல் தொடங்கப்பட்டு, வேளாண்மை - உழவர் நலத்துறை வழியே நடைபெறுகிறது. தேக்கு, மகோகனி, வேம்பு, மலைவேம்பு, வேங்கை, செம்மரம், சந்தனம் முதலிய கன்றுகள் வனத்துறை நாற்றங்கால்களிலிருந்து இலவசமாக வழங்கப்படுகின்றன. உழவன் செயலியில் பதிவு செய்யலாம்.

நடவு இருவகை: வரப்போரம் நட ஏக்கருக்கு 50 கன்றுகள், வயல் முழுதும் குறைந்த அடர்வில் நட 160 கன்றுகள். இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை, உயிருடன் உள்ள கன்று ஒன்றுக்கு ஆண்டுதோறும் 7 ரூபாய், மொத்தம் 21 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு. நட்ட எண்ணிக்கைக்கு அல்லாமல் பிழைத்த எண்ணிக்கைக்குப் பணம் தருவதே இத்திட்டத்தின் சிறப்பு. முதல் கோடையில் உயிர்த்தண்ணீர் ஊற்றி, ஆடு மேயாமல் முள்வேலி கட்டிக் காக்கும் உழைப்பை அது மதிக்கிறது. ஆயினும் தொகை அவ்வுழைப்புக்கு ஈடாகாது.

இத்திட்டத்துக்கு முன்பே, வனத்துறை 2007-08 முதல் தனியார் நிலங்களில் மரம் வளர்க்கும் திட்டத்தை நடத்தியது. இந்திய அரசு 2014-இல் தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. இத்திட்டத்தில் தரப்படும் மரங்களுள் சந்தனம் சொந்த நிலத்தில் வளர்ந்தாலும், அதை வெட்ட வனத்துறை அனுமதி தேவை.